மொட்டைமாடி அறையின் காற்று

எனக்கு நோய் முதலில் எண்ணிக்கையில்தான் தெரிந்தது.

பதினாறு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அறுபத்துநாலு எண்ணும்வரை உள்ளே நிறுத்த வேண்டும். முப்பத்திரண்டு எண்ணி மெல்ல வெளியே விட வேண்டும். பத்து வருடமாக இதைச் செய்துவந்தேன். ஒரு மார்கழிக் காலையில், நாற்பதிலேயே மூச்சு அறுந்துவிட்டது. கிணற்றில் முங்கி எழுந்தவள்போல் வாயைத் திறந்து காற்றை விழுங்கினேன்.

அன்று எனக்குப் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. மனம் எங்கோ மேய்கிறது, அதனால்தான் மூச்சு நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அரைமணி முன்னதாகவே எழுந்து பயிற்சியைக் கூட்டினேன். இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது. உடம்பு சொன்ன சேதியை மனத்தின் குற்றமாக எடுத்துக்கொண்டேன். அப்படியே இரண்டு வருடம் போயிற்று.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். கணவர் குணசேகரன் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். செங்கம் ரோட்டிலிருந்து மலைப் பக்கமாகப் பிரியும் ஒரு தெருவில், மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் சுலோச்சனாக்கா இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கணவரை இழந்தவர். எங்களை ஒருநாளும் குடித்தனக்காரர்களாக நடத்தியதில்லை.

தொண்ணூறாம் வருடம் எனக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அதற்குப் பிறகு கரு தங்கவில்லை. பார்த்தவர்களெல்லாம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றச் சொன்னார்கள். சுற்றினேன். நாலைந்து முறை சுற்றிய பிறகு, கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. எனக்குக் குழந்தைகூட வேண்டியிருக்கவில்லை. தலைக்குள் ஓயாமல் ஓடும் அந்தப் பேச்சு நின்றால் போதும் என்றிருந்தது.

அப்போது எங்கள் தெருமுனையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர், நாலைந்து பேருக்குப் பிராணாயாமம் சொல்லிக்கொடுத்தார். “மூச்சு நின்னா நெனப்பு நிக்கும். நெனப்பு நின்ன பின்னாடி மிச்சம் இருக்கறது எதுவோ, அதைப் பாருங்க” என்பார். அவர் உபதேசம் அவ்வளவுதான். எட்டு மாதம் கற்றுக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை.

பயிற்சிக்குத் தனியிடம் வேண்டும் என்றபோது, மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையைச் சுலோச்சனாக்காதான் ஒழித்துக்கொடுத்தார். மேலே சிமெண்ட் ஷீட். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அங்கே புறாக்கள் அடைந்திருந்தன. அக்கா தினமும் காலையில் மாடியில் இரண்டு கை கம்பு இறைப்பார். அதனால் ஆண்டுக்காண்டு அவை பெருகின. நான் விளக்குமாற்றால் எச்சத்தையும் இறகையும் தள்ளிவிட்டு, பாய் விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வேன். காலையில் ஒன்றரை மணி நேரம், ஆபீஸிலிருந்து வந்த பிறகு ஒரு மணி நேரம். தலைக்கு மேல் அவை குனுகிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் எனக்குத் துணையாகத்தான் இருந்தது.

அந்த அறையில் எனக்குக் கிடைத்ததை மறைத்துவிட்டு நோயை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். மூன்றாவது வருடம் ஒரு காலையில் மூச்சு அதுவாகவே நின்றது. நான் நிறுத்தவில்லை. மார்பில் அசைவில்லை, மூச்சுக்கான தவிப்பும் இல்லை. பிள்ளை போன துக்கம் இருந்தது. ஆனால் அது பக்கத்து வீட்டில் எரியும் விளக்குபோல, இருக்கிறது என்று தெரிந்ததே தவிர என்மேல் படவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து வந்து அடுப்பு மூட்டினேன். பிறகு மாதத்தில் இரண்டு மூன்று முறை அது வந்தது. அதற்காகவே நான் உயிரோடிருந்தேன் என்று சொல்லலாம்.

நாற்பதில் மூச்சு அறுந்த பிறகு, வறட்டு இருமல் வந்தது. பயிற்சி முடித்து ஆபீஸ் போனால் பதினொரு மணி வாக்கில் குளிர் எடுக்கும். தட்டச்சு இயந்திரத்தின்மேல் விரல்கள் நடுங்கும். மாலைக்குள் காய்ச்சல் தானாக வடிந்துவிடும். பழைய வினை எரியும்போது உடம்பு காயும் என்று எங்கோ கேட்டிருந்தேன். எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

தருமபுரியில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கியபோது, இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அங்கே பயிற்சி செய்யவில்லை. ‘பயிற்சியை நிறுத்தினால் வினை உள்ளேயே பதுங்கிக்கொள்கிறது’ என்று இதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். நம்ப விரும்புகிறவளுக்கு எல்லாமே சாட்சிதான்.

மாடிப்படியில் இடையில் நிற்க ஆரம்பித்தேன். என் கணவர்தான் முதலில் கவனித்தார்.

“இன்னா மல்லிகா, ஒரு மாடி ஏறதுக்குள்ள நாலு தரம் நிக்கற?”

“பயிற்சியில அப்படித்தாங்க. மூச்சு மேல ஏறுது.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது. பயிற்சி பண்ணா மூச்சு ஜாஸ்தி ஆவணும். உனக்குக் கம்மி ஆய்க்கினு வருது.”

கம்பத்தில் ஏறுகிறவருக்கு மூச்சின் கணக்கு தெரியும். நான்தான் அவரை அஞ்ஞானி என்று நினைத்தேன்.

ஊரில் ஒரு டாக்டரிடம் போனோம். இளைப்பு நோய் என்றார். உறிஞ்சும் மருந்து கொடுத்தார். பலனில்லை. இன்னொருவர் எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று காசநோய் மருந்து எழுதினார். சளியில் கிருமி இல்லை. இருந்தாலும் ஆறு மாதம் விழுங்கினேன். சிறுநீர் சிவந்து போனதுதான் மிச்சம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. காலையும் மாலையும் எந்த அறையில் உட்கார்கிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடவுளோடு இருக்கும் இடத்தை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

அந்த ஆறு மாதமும் மாடி அறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தும் எண்ணிக்கை முப்பதாகி, இருபதாகி, பன்னிரண்டில் வந்து நின்றது. விரல் நுனிகள் தவில் குச்சியின் முனைபோல உருண்டு பருத்தன. உள்ளே பிராணவாயு குறைந்தால் விரல் இப்படி ஆகும் என்று பிறகுதான் தெரிந்தது. சுலோச்சனாக்கா ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நகமெல்லாம் ஏன் இப்படி நீலம் பாஞ்சிக்கினு இருக்குது? இன்னிக்கே மெட்ராஸ் கூட்டிக்கினு போங்க” என்று என் கணவரைச் சத்தம் போட்டார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. நடைபாதையில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொருவர் மூச்சும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. இத்தனை வருடம் என் மூச்சை மட்டும் கேட்டவள், முதல்முறையாக மற்றவர்களுடையதைக் கேட்டேன்.

எங்களைப் பார்த்த டாக்டர் ஓர் இளம்பெண். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார். உப்பு வெடிப்பதுபோல் உள்ளே சத்தம் வருகிறது என்றார். மார்பை மெல்லிய துண்டு துண்டாகப் படமெடுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மறுநாள் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

“வீட்ல பறவை ஏதாவது வளக்கறீங்களாம்மா?”

“இல்லைங்க.”

“கிளி, கோழி, புறா?”

“வளக்கலைங்க,” என்றேன். “புறா இருக்குது. அது பாட்டுக்கு இருக்குது.”

“எங்க இருக்குது?”

சொன்னேன். அறையைச் சொன்னேன். ஷீட்டைச் சொன்னேன். தினமும் எச்சத்தை விளக்குமாற்றால் தள்ளுவதைச் சொன்னேன். எத்தனை நேரம் அங்கே இருப்பேன் என்று கேட்டார். சொன்னேன். அங்கே என்ன செய்வேன் என்று கேட்டார்.

பதினாறு இழுப்பதையும் அறுபத்துநாலு நிறுத்துவதையும் சொன்னபோது, டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ் என்று சொன்னார் (புறா எச்சம், இறகு போன்றவற்றின் தூசு உள்ளே போய், நுரையீரல் அதை எதிரியாக எண்ணிச் சண்டையிட்டுப் புண்ணாவது). ஆரம்பத்திலேயே தெரிந்து விலகியிருந்தால் ஆறியிருக்கும். எனக்கு அது ஃபைப்ரோசிஸாக முற்றியிருந்தது (புண் ஆறி ஆறித் தழும்பாகி, நுரையீரல் காய்ந்த பஞ்சுபோல் இறுகிப்போவது).

“அப்போ மூச்சுப் பயிற்சி தப்பா டாக்டர்?” என்று என் கணவர் கேட்டார். பல வருடமாக என்னிடம் கேட்க நினைத்த கேள்வி அது.

“பயிற்சி தப்புன்னு சொல்ல மாட்டேங்க. எந்தக் காத்த இழுத்தாங்கன்றதுதான் விஷயம். சாதாரணமா மூச்சு விடறவங்களுக்குத் தூசி இவ்ளோ ஆழமா போயிருக்குமான்னு எனக்குத் தெரியல. இவங்க உள்ள இழுத்து, நிறுத்தி வச்சிருக்காங்க.”

“திரும்பச் சரியாவுமா?” என்றேன்.

“தழும்பானது திரும்பாதும்மா. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். அந்த வீட்டுக்கு மட்டும் திரும்பப் போகாதீங்க. சாமான் எடுக்கக்கூட நீங்க போகக் கூடாது.”

போகவில்லை. அவர்தான் சாமான்களைக் கட்டி எடுத்துவந்தார். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடொன்றில், தரைத்தளத்தில் குடியேறினோம். என் பாயை எடுத்துவரவில்லை. துணிகளையெல்லாம் வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு முறை துவைத்தார்.

சுலோச்சனாக்காவுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர்தான். அக்கா நம்பவில்லையாம். “கோயில் கோபுரத்துல எவ்ளோ புறா இருக்குது! அங்க பூசை பண்றவங்களுக்கெல்லாம் சீக்கா வந்துருச்சு? டாக்டருங்களுக்கு வேற பேச்சில்ல” என்றாராம். அக்காவுக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. பதினைந்து வருடமாகத் தன் கையால் தானியம் போட்டவருக்கு ஒன்றுமில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் அதைத்தான் கேட்டேன். “அவங்களுக்கு ஏன் வரல?”

“அது ஒவ்வொரு உடம்போட குணம்மா. உங்க உடம்பு அதை ஏத்துக்கல.”

இந்த நோயோடு இருப்பவர்கள் எல்லாரும் இந்தப் பதிலை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். அதற்குமேல் போக வழியில்லை. நான் அதன்மேலேயே பல மாதம் முட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்டீராய்டு மாத்திரை (உடம்பின் சண்டையை அடக்குவது) தொடங்கிய மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. இருமல் குறைந்தது. முகம் பூசணிக்காயாக வீங்கியது, பரவாயில்லை. மறுபடி ஆபீஸ் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காரும்போது மேலே விசிறி சுற்றுவதுகூட எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான்காவது மாதம் ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. அது போகும்போது, திரும்பக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கடுத்த வருடம் வேலையிலிருந்து விலகினேன். வீட்டுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது.

ஆஸ்பத்திரியில் மூச்சு கற்றுக்கொடுக்க ஒரு பெண் வந்தார். மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து, நான்கு எண்ணி ஊத வேண்டும். “விளக்கை ஊதி அணைக்கற மாதிரி ஊதுங்கம்மா. அவசரப்படாதீங்க. நல்லா பண்றீங்க” என்று முதுகைத் தட்டினார். நான் பிராணாயாமம் தெரிந்தவள் என்று அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். அழுவதற்கும் மூச்சு வேண்டும். அதனால் அதையும் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

புது வீட்டில் ஒரே ஒருமுறை, அவர் வேலைக்குப் போன பிறகு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்தேன். எண்ணவில்லை. மூச்சை வெறுமனே பார்க்கலாம் என்றுதான். பார்க்கத் தொடங்கியதுமே பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த மூச்சு வருமா, வருமா என்று உடம்பு முழுக்க ஒரே கூச்சல். குழாயை மூக்கில் மாட்ட எழுந்தவள் தடுக்கி விழுந்தேன். அப்போது தோன்றியதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அறையில் எனக்குக் கிடைத்தது கடவுளா, அல்லது நல்ல நுரையீரல் இரண்டு இருப்பதன் சுகம் மட்டும்தானா? ஞானம் என்றால் நுரையீரலோடு சேர்ந்து அதுவும் ஏன் போக வேண்டும்? பக்கத்து வீட்டு விளக்கென்று தள்ளிவைத்திருந்த துக்கமெல்லாம் ஏன் இப்படி என் வீட்டுக்குள்ளேயே எரிகிறது?

பதில் கிடைக்கவில்லை. கிடைத்ததாக எழுதினால் உங்களை ஏமாற்றியவளாவேன்.

ஆறேழு மாதம் கழித்துச் சுலோச்சனாக்கா வந்தார். உள்ளே வரும் முன்பே செருப்போடு மேல்துண்டையும் வெளியில் வைத்துவிட்டு வந்தார். என் மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“கம்பு போடறதை நிறுத்திட்டேன், மல்லிகா.”

நான் தலையசைத்தேன்.

“ஆள வச்சு வலை அடிச்சாச்சு. ஒரு மாசமா வந்து வந்து நின்னுதுங்க. கைப்பிடிச் சுவத்துல வரிசையா. நான் மாடிக் கதவையே தொறக்கல. உள்ள உக்காந்துக்கினு அதுங்க சத்தத்தைக் கேட்டுக்கினே இருந்தேன்.” அவர் என் வீங்கிய விரல்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “அவரு போன பின்னாடி எனக்குன்னு எதிர்பாத்துக்கினு இருந்தது அதுங்கதான். புண்ணியம்னுதானே போட்டேன்? என்னை மன்னிச்சுடு, மல்லிகா.”

எனக்கு மூச்சு வாங்கியது. அதனால்தான் நான் பேசவில்லை என்று அக்கா நினைத்தார். “பேசாத, பேசாத, உனக்கு ஆவாது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச முடிந்திருந்தாலும் அன்று நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் மூச்சு தங்குதடையில்லாமல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பொறாமைக்கு இவ்வளவு உடம்பு இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். அவர் போன பிறகு சொல்லியிருக்கலாமே என்றிருந்தது. அடுத்த ஆடியில் அவர் மகள் வந்து அவரைத் தன்னோடு பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் சொல்லவில்லை.

இந்த நோயில் இருப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த இரண்டொன்றைச் சொல்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் மூச்சு விடும் இடங்களையெல்லாம் சொல்லிவிடுங்கள். பூசையறையையும் சொல்லுங்கள். எந்த ஊரில் உடம்பு தேறியது, எந்த வீட்டில் மோசமானது என்பதையும் சொல்லுங்கள். பயிற்சி செய்கிறவர்கள், மூச்சு குறைந்தால் அதைப் பக்குவமின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதையெல்லாம் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

கூட இருப்பவர்களுக்கும் ஒன்று. நாங்கள் எரிந்து விழுவது உங்கள்மேல் அல்ல. ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை நிற்க வேண்டியிருக்கும்போது, நடுவில் நீங்கள் முடித்துவைத்தால் கோபம் வருகிறது. என் கணவர் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார். இப்போது நான் நிற்கும் இடத்தில் அவரும் நிற்கிறார்.

சென்ற ஐப்பசியிலிருந்து என்னால் தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மூச்சு முட்டுகிறது. விரலில் மாட்டி ரத்தத்தின் பிராணவாயுவைக் காட்டும் கருவியில் எண் சரசரவென்று இறங்குகிறது. அவர்தான் பின்னிவிட்டார். கம்பி முறுக்கிய கைகள். ஒரு மாதம் பழகியும் பின்னல் கோணலாகவே வந்தது. சிக்கெடுத்து முடிப்பதற்குள் எனக்கு முதுகு தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெட்டிவிடச் சொன்னேன்.

“வேணாம் மல்லிகா. நான் சீக்கிரமா பின்றேன்.”

“அது வரைக்கும்... உக்கார முடியலைங்க.”

அவர் கத்தரிக்கோலை எடுத்துவந்து, என்னை வாசல் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் துண்டைப் போட்டார். இடுப்புவரை இருந்த முடி. முதல் வெட்டில் கத்தரிக்கோல் நழுவியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெட்டினார். காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண் நின்று பார்த்து, “எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்க்கா?” என்று கேட்டாள். அவர் தலை நிமிராமல், “வேண்டுதல் இல்லம்மா. கையத் தூக்க முடியல” என்றார்.

முடித்ததும் முடியைச் சுருட்டி ஒரு செய்தித்தாளில் பொதிந்து உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. பின்கழுத்தில் காற்று பட்டது. இத்தனை வருடத்தில் அந்த இடம் எனக்கு இருப்பதே தெரியாது. யாருடையதோபோல் தொட்டுப் பார்த்தேன். வெயில் எதிர்ச்சுவரின் பாதியில் நின்றிருந்தது. இறங்குகிறதா என்று தெரியவில்லை. காலையில் மாத்திரை போட்டது நேற்றுபோல் இருந்தது. நேற்று என்ன நடந்தது என்பது நினைவில்லை.

மணி என்ன என்று உள்ளே பார்த்துக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் ஒரு மூச்சு செலவாகும். கேட்கவில்லை.